நங்கை கேட்காத கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு ரிமோட் சோபாவுக்கு அடியில் போய் விழுந்தது. தானாக விழவில்லை — வீசப்பட்டது. வீசியவருக்கு வயது எண்பத்து நான்கு.

காரணம், தாய்லாந்து.

புதிதாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். என் நங்கையின் பெயர் தெய்வானை. என் கணவர் காலமாகி எட்டு வருஷம் ஆகிறது. மகன் வெளியூரில். இந்தக் கோயமுத்தூர் வீட்டில் இப்போது இருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். எண்பத்து நான்கும் எழுபத்தொன்பதும். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பேருக்கும் பொழுது போகவேண்டுமே?

பேத்தி லீவுக்கு வந்தபோது டி.வி.யில் என்னமோ அமுக்கி, தாய்லாந்து சீரியல் ஒன்றைத் தமிழ் டப்பிங்கில் போட்டுக் காட்டிவிட்டுப் போனாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. 'இந்த வயசில் காதல் சீரியலா?' என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. நீங்கள் பார்க்கிற கிரிக்கெட்டை நான் ஏதாவது சொன்னேனா?

கதாநாயகியின் பெயர் எங்கள் இரண்டு பேர் வாயிலும் நுழையவில்லை. நங்கை அவளுக்கு 'செல்வி' என்று பெயர் வைத்துவிட்டார். செல்விக்கு அப்பா விட்டுப் போன தென்னந்தோப்பு ஒன்று. அதை அழித்துவிட்டு ஹோட்டல் கட்ட வருகிறான் பணக்கார கதாநாயகன். புல்டோசருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, 'என்னைத் தாண்டிப் போ!' என்கிறாள் செல்வி. கிணத்துக்கடவில் தென்னை வளர்த்த நங்கைக்கு இது போதாதா? முதல் எபிசோடிலேயே செல்வி எங்கள் வீட்டுப் பெண்ணாகிவிட்டாள்.

பன்னிரண்டாவது எபிசோடில் கதாநாயகன் கோபத்தில் அவளை அறைந்துவிட்டான். நங்கை நிமிர்ந்து உட்கார்ந்தார். பதினாலாவது எபிசோடில் மழை... ஒரே குடை... செல்வி அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். கல்யாணத்துக்குச் சம்மதம்!

அப்போதுதான் ரிமோட் பறந்தது.

"அடிச்சவனையே கட்டிக்கறாளா? இவளுக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது? புல்டோசரை நிறுத்துனவளுக்கு ஒரு கையை நிறுத்தத் தெரியாதா அம்மணி?"

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. ஏனென்றால் இதைக் கேட்கிற தகுதி நங்கைக்கு உண்டு.

ஐம்பதுகளின் கடைசியில், பதினெட்டு வயதில், அவரைக் கருமத்தம்பட்டியில் தறி வைத்திருந்த ஒரு குடும்பத்தில் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கை நீட்டுகிற பழக்கம். ஒருநாள் சாப்பாட்டில் உப்பு கூடிவிட்டதென்று ஆட்கள் முன்னால் அறைந்தாராம். நங்கை எதிர்த்துப் பேசவில்லை. அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற வரைக்கும் காத்திருந்து, "இன்னொருக்கா கை நீட்டுனா நான் இங்க இருக்கமாட்டேனுங்க" என்று மட்டும் சொன்னாராம். அந்த 'இன்னொருக்கா' வருவதற்கு ஒரு வாரம்கூட ஆகவில்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயமுத்தூர் வந்து, பஸ் மாறி, கிணத்துக்கடவில் இறங்கிவிட்டார்.

என் மாமனார் இரண்டு தடவை கொண்டுபோய் விட்டார். இரண்டு தடவையும் திரும்பி வந்தார் நங்கை. மூன்றாவது தடவை மாமனார் வண்டி கட்டச் சொன்னபோது, மகள் கிணற்றுமேட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஊரே பதறிப்போய் ஓடியது.

"பயப்படாதீங்கய்யா. நான் கெணத்துல குதிக்கமாட்டேன். அங்கயும் போகமாட்டேன்."

அதற்குப் பிறகு யாரும் வண்டி கட்டவில்லை. ஆனால் பேசினார்கள். வாழாவெட்டி என்ற சொல்லை அவர் காதில் விழும்படி சொல்லுவதற்கென்றே சில பேர் அந்தப் பக்கம் போவார்களாம்.

இதெல்லாம் நான் அந்த வீட்டுக்குப் போவதற்கு முன்னால் நடந்தது. இனிமேல் சொல்லப்போவதில் நானும் இருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாளாகப் பேனாவை மூடுவதும் திறப்பதுமாக இருந்தேன். சரி... எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் எனக்குப் பத்தொன்பது வயது. அப்பா கோயமுத்தூரில் ஒரு மில்லில் ஸ்டோர் கீப்பர். நான் பி.யூ.சி. முடித்து பி.ஏ. சேர்ந்திருந்தேன். கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் மேடை ஏறினால் மற்றவர்கள் இரண்டாம் பரிசுக்குத்தான் போட்டி போடவேண்டும். 'பெண்ணுக்கு வேண்டியது துணிவே' — இது நான் கோப்பை வாங்கிய தலைப்பு. கை தட்டல் அடங்க எவ்வளவு நேரமாயிற்று என்று அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டத்தில் நங்கையும் இருந்தார். மற்றவர்கள் என் நடை, என் நிறம், என் சமையல் என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் தண்ணீர் கேட்கிற சாக்கில் என் பின்னாலேயே சமையலறைக்கு வந்துவிட்டார். சொம்பை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"என்ர தம்பி நல்லவன் கண்ணு. ஆனா உனக்குப் புடிக்கோணுமல்ல? புடிக்கலீன்னா இப்பவே என்ர காதுல சொல்லிரு. யார் மேலயும் பழி வராம நான் நிறுத்திப்போடறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவரைக்கும் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை — என்னைப் பெற்றவர்கள் உட்பட. "புடிச்சிருக்குதுங்க" என்றேன். முழுச் சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுச் சிரித்தபடி போனார்.

கல்யாணம் கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டில். வாசல் நிறையப் பந்தல். காலை முகூர்த்தம்.

எங்கள் கொங்குக் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளைக் கல்யாணப் பெண் மாதிரியே அலங்கரித்து, புடவை வைத்த மூங்கில் கூடையோடு அவன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். புடவையின் ஒரு முனை அவன் கையில், இன்னொரு முனை அவளிடம். வீட்டுக்குப் புதிதாக ஒருத்தி வந்தாலும் கூடப்பிறந்தவளைக் கைவிடமாட்டேன் என்று ஊரறிய அவன் சொல்லுகிற சீர் அது.

புருஷன் வீட்டை விட்டு வந்த ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம், யோசித்துப் பாருங்கள். தம்பி வீட்டில் கடைசிவரைக்கும் இருக்கப்போகிறவர். அந்த வீட்டில் அவருக்கு இடம் உண்டு என்பதற்கு வேறு என்ன பட்டா இருந்தது?

ஆனால் மாமனார் இணைச்சீருக்கு ஏற்பாடு செய்து வைத்திருந்தது மாப்பிள்ளையின் பெரியப்பா மகளை. நங்கையிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாமலே ஒதுங்கிக்கொள்வார் என்று நினைத்தார்கள் போலிருக்கிறது. அவரா ஒதுங்குவார்? பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கூடையைத் தானே எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்துவிட்டார்.

நான் உள்ளறையில் இருந்தேன். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. பந்தலில் பேசுவது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது.

"தெய்வானை, கூடையை அவகிட்டக் குடுத்துரு. ஒறம்பரையெல்லாம் பாக்கறாங்க." இது மாமனார். ஒறம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் உறவுக்காரர்கள்.

"கூடப்பொறந்தவ நான் இருக்கைல அவ எதுக்குங்கய்யா?"

கல்யாணச் சீர்களை நடத்திவைக்கிற அருமைக்காரர் நடுவில் வந்தார். "அம்மணி, வாழற பொண்ணு செய்யற சீருங்க இது. வழக்கம்னு ஒண்ணு இருக்குதல்லங்க."

"என்ர புருசன் உசுரோட இருக்கறானுங்க. அவன் கட்டுன தாலி என்ர கழுத்துல இருக்குதுங்க. எந்த வழக்கம் என்னைய வேண்டாங்குதுன்னு சொல்லுங்க, கூடையை வெச்சுட்டு அக்கட்டால போயிக்கறேன்."

அருமைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

அப்போது என் கணவரின் குரல் கேட்டது. கல்யாணத்துக்கு முன்னால் நான் அவர் குரலை முழுசாகக் கேட்டதே அன்றைக்குத்தான். "அக்கா செஞ்சாத்தானுங்க எனக்குச் சீரு."

மாமனார் இறங்கிவந்தார். "சம்பந்தி ஊட்டுல ஆட்சேபணை இல்லீன்னா அவளே செஞ்சுக்கட்டும்."

எல்லார் பார்வையும் என் அப்பா மேல் திரும்பியிருக்கவேண்டும். மில்லில் ஒரு திருகாணி காணாமல் போனாலும் மேலே எழுதிக் கேட்டுத்தான் முடிவு செய்வார் அப்பா. "வாழப்போறது பொண்ணுங்க. பொண்ணே சொல்லட்டும்" என்றுவிட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு என் பெரியம்மா உள்ளே வந்தார். கதவைச் சாத்தினார். கேட்க வந்தவர், கேட்கவில்லை. என் காதருகே குனிந்து, "உன்ர வாழ்க்கையும் அவளாட்ட ஆகோணுமா?" என்றார்.

என் முன்னால் கண்ணாடி இருந்தது. நெற்றிச்சுட்டி கோணலாகத் தொங்கியது. அதைச் சரிசெய்தபடியே சொன்னேன்.

"வேண்டாம் பெரியம்மா. அவங்க வேண்டாம்."

தலையாட்டல் இல்லை, மௌனம் இல்லை. வாய் திறந்து, தமிழில், தெளிவாகச் சொன்னேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய வாய்!

பெரியம்மா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. வெளியே போய், "எங்க ஊட்டுப் பெரியவங்க வேண்டாங்கறாங்க" என்று சொல்லி, பழியை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் தலையில் போட்டார்.

என்னை அழைத்து வந்தபோது நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். கூடை பெரியப்பா மகளின் கைக்குப் போயிருந்தது. அந்தப் பெண்ணுக்குப் புடவைக் கொசுவம் சரியாக நிற்கவில்லை. நங்கை குனிந்து அதைச் சரிசெய்து, நீவிவிட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை. பிறகு பந்தியில் ரசம் ஊற்ற வந்தார். என் இலைக்கும் ஊற்றினார்.

அன்றைக்குப் பிடித்தது எனக்கு இந்தப் பதைப்பு. நங்கைக்குத் தெரியுமா, தெரியாதா?

தெரிந்தவர் மாதிரி அவர் நடந்துகொள்ளவே இல்லை. ஒரு குத்தல் பேச்சு உண்டா? ஒரு முகச்சுளிப்பு? ம்ஹூம். தோட்டத்தில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓட்டுவதை நிறுத்திவிட்டு மின்சார மோட்டார் போடலாம் என்று மாமனாரோடு மல்லுக்கு நின்று ஜெயித்தவர் அவர். மோட்டார் நின்றுபோனால் ஆள் வரட்டும் என்று காத்திருக்கமாட்டார். ஸ்பானரை எடுத்துக்கொண்டு தானே கிணற்றுக்குள் இறங்கிவிடுவார். மேலே வந்ததும் கிரீஸ் கையோடு என்னைக் கூப்பிட்டு, "அம்மணி, சித்த காப்பித்தண்ணி வெய்யி" என்பார். நான் ஆற்றுகிற காப்பியில் பாதி கீழே சிந்தும்.

என் முதல் பிரசவத்துக்குப் பெரியாஸ்பத்திரியில் பத்து நாள் என்கூடவே இருந்தார். அவர் ஒவ்வொரு தடவை நல்லது செய்யும்போதும் எனக்கு உள்ளே அரிக்கும். திட்டிவிட்டாலாவது நிம்மதியாக இருந்திருக்கும். ஒறம்பரைக் கல்யாணங்களில் இணைச்சீர் ஆரம்பித்தால் நான் செருப்பைத் தேடுகிற மாதிரி வெளியே நழுவிவிடுவேன். நங்கை அந்த நேரத்தில் சமையல் பந்தலில் இருப்பார். யாரும் போகச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

என் கணவர் பெரியம்மாவை மன்னிக்கவே இல்லை. தன் அக்காவைப் பந்தலில் நிற்கவைத்து அவமானப்படுத்தியது அந்த அம்மாதான் என்று கடைசிவரைக்கும் நம்பினார். பெரியம்மா வீட்டு வாசப்படி மிதித்ததில்லை. பெரியம்மா செத்தபோது சுடுகாட்டுக்குப் போனார், வீட்டுக்குள் போகவில்லை. பெரியம்மா என்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. நானும் மூச்சுவிடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பெரியம்மா வீட்டுக்குத் தேங்காய், பழம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வந்தது யார் தெரியுமா? நங்கை. என்ன பெரிய மனசு என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். சோபாவுக்கு அடியிலிருந்து ரிமோட்டையும் உருண்டோடிய பேட்டரியையும் எடுத்தேன். நங்கைக்கும் கோபம் ஆறிவிட்டது. "போடு, அந்தக் கிறுக்கி என்னதான் பண்றான்னு பாத்துப்போடலாம்" என்றார். போட்டேன்.

செல்விக்குக் கல்யாணம். அவளை வளர்த்த சமையற்காரப் பெண்மணி முன்வரிசையில் வந்து உட்காருகிறாள். ஊரில் பெயர் கெட்டவளாம். கதாநாயகனின் அம்மா அவளை எழுப்பிப் பின்னால் போகச் சொல்லுகிறாள். செல்வி மாலையோடு எழுந்து நிற்கிறாள். கத்தவில்லை, அழவில்லை. "அந்த நாற்காலி காலியானால் இந்த நாற்காலியும் காலி" என்கிறாள்.

"அப்படிக் கேளு கண்ணு!" என்று நங்கை கை தட்டினார். "அறை வாங்கிட்டுச் சிரிச்சதை இதுக்காக மன்னிச்சுப்போடலாம்."

என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாமல் திரும்பி வந்தேன். மறுபடியும் எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், மூடினேன்.

"ஏன் அம்மணி, பொட்டாட்ட உக்காராம எந்திரிச்சு எந்திரிச்சுப் போறே? மூட்டு வலியா?"

"நங்கை..." என்று ஆரம்பித்துவிட்டேன். டி.வி.யில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது. "அன்னிக்குக் கல்யாணத்துல நீங்க இணைச்சீர் செய்ய வேண்டாம்னு சொன்னது எங்க ஊட்டுப் பெரியவங்க இல்லீங்க. பெரியம்மாவும் இல்லீங்க. நான்தானுங்க."

அறுபது வருஷம் தொண்டையில் இருந்தது வெளியே வர அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

நங்கை டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்."

"ஆருங்க சொன்னாங்க?"

"ஆரு சொல்லோணும்? உங்கய்யன் பொண்ணு சொல்லட்டும்னாரு. உங்க பெரியம்மா உள்ள வந்து உன்னையக் கேட்டுட்டு வெளிய வந்து பெரியவங்க பேரைச் சொல்றாங்க. பொண்ணு சரின்னு சொல்லியிருந்தா, பொண்ணு சரின்னுட்டாள்னு சொல்லியிருப்பாங்கல்ல? இதுக்குப் பி.ஏ.வா படிக்கோணும்?"

பந்தலில் நூறு பேர் இருந்தார்கள். வேறு யாருக்கும் இது தோன்றவில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போன தேங்காய், பழத்துக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது. தப்புச் செய்யாதவர் பழி சுமக்கிறார் என்று அவருக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது.

"உங்க தம்பிகிட்ட ஏனுங்க சொல்லலீங்க?"

"உன்னோட குடும்பம் நடத்தறவன் அவன். அவனுக்கு எதுக்கு அது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்னையாச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்களே நங்கை. இத்தனை வருஷத்துல ஒருக்காக்கூடக் கேக்கலீங்களே?"

இப்போதுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"கேட்டிருந்தா நீ இல்லீன்னு பொய் சொல்லியிருப்பே. பத்தொம்பது வயசுப் புள்ளை, வேற என்ன சொல்லுவே? பயந்தவளோட ஒரே ஊட்டுல இருந்துக்கலாம் கண்ணு. பொய் சொன்னவளோட எப்படி இருக்கறது? எனக்குப் போறதுக்கு வேற ஊடும் இல்லை. அதுதான் கேக்கலை."

அப்புறம் டி.வி. சத்தத்தைக் கூட்டச் சொன்னார். மேளம் ஓய்ந்து விருந்து ஆரம்பித்திருந்தது. அந்த ஊர்ச் சாப்பாட்டில் என்னென்ன போட்டிருப்பார்கள் என்று என்னிடம் விசாரித்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தேங்காய்ப்பால் மாதிரி இருக்கிறதுங்க என்றேன்.

சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும் என்கிறார்கள். யார் கிளப்பிவிட்டது இதை? ஒரு வாரமாக நான் இன்னும் எழுந்து எழுந்து உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறேன். அறுபது வருஷமாக 'தெரியுமா, தெரியாதா' என்று அரித்தது. இப்போது வேறொன்று அரிக்கிறது.

'மன்னிச்சுட்டேன்' என்று நங்கை சொல்லவில்லை. டி.வி.யில் வந்த செல்வியை மன்னித்தார், என்னைப் பற்றி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நீங்களே கேட்டுவிடவேண்டியதுதானே என்பீர்கள்.

கேட்கலாம்தான்... ஆனால் அவர் பொய் சொல்லமாட்டாரே!